குறட்டையைத் திருப்பிக் கேட்டவள்

ஸ்கூல் வேன் ஓட்டுகிற அம்மா, புருஷனின் குறட்டை தாங்க முடியாமல், பட்டப்பகலில் அவர் மூக்கில் குழாயை மாட்டி மூச்சை நிறுத்தப் பார்த்தாளாம். தெரு முழுக்க இதுதான் பேச்சு. மருந்துக் கடையில் கிளம்பிய செய்தி சலூனுக்குப் போய்ச் சேர்வதற்குள் ஒரு குழாய் இரண்டு குழாய் ஆகிவிட்டது. பள்ளிக்கூட வாசலில் அது காஸ் குழாய். "பாவம் அந்த மனுஷன், வாயே திறக்கல" என்ற வரி மட்டும் எல்லார் வாயிலும் மாறாமல் இருந்தது.

இத்தனை பேர் இத்தனை அக்கறையாகச் சொல்லும்போது சரிபார்க்காமல் விடுவது மரியாதை இல்லை. பார்த்துவிடுவோம். குழாய் இருந்தது, உண்மை. அதன் முனையில் மூக்கும் இருந்தது. பகல் நேரம்தான், ஜன்னலும் திறந்துதான் கிடந்தது. அந்த மனுஷன் வாயைத் திறக்கவில்லை என்பது சத்தியமான உண்மை. நடந்த அத்தனைக்கும் காரணமே அதுதான். குறட்டை யாருடையது என்கிற ஒரு சின்ன விவரத்தில் மட்டும் தெரு சறுக்கிவிட்டது.

குறட்டை அவளுடையது.

வேன்காரம்மா என்று தெருவில் பேர். மஞ்சள் வேனை அவள் பின்னால் எடுக்கும்போது, சும்மா நிற்கிற ஆண்களெல்லாம் ஓடிவந்து "வா, வா, ஒடி, ஒடி" என்று கையை ஆட்டுவார்கள். அவள் கண்ணாடியைப் பார்த்துத்தான் எடுப்பாள். எடுத்து முடித்ததும் அவர்கள் தங்கள் திறமையை மெச்சிக்கொண்டு கலைந்து போவார்கள். வீட்டுக்காரருக்கு மூக்குக்கண்ணாடிக் கடையில் வேலை. ஊரார் மூக்கையெல்லாம் அளந்து, எந்த மூக்கில் எந்த ஃபிரேம் நிற்கும் என்று சொல்லுகிறவர். சொந்த வீட்டு மூக்கைப் பற்றி அவருக்கு ஒன்றும் தெரியாது.

இந்த வீட்டுக்குக் குடிவந்த புதிதில், சுவரைப் பங்குபோட்டுக்கொள்ளும் பக்கத்து வீட்டு வாத்தியார் தயங்கித் தயங்கி வந்து நின்றார். டியூஷன் எடுக்கிற கணக்கு வாத்தியார். எதையும் கூட்டிக் கழித்துத்தான் பேசுவார்.

"சார், தப்பா எடுத்துக்காதீங்க. ராத்திரியில உங்க வீட்ல ஏதாவது மோட்டார் ஓடுதா?"

வீட்டுக்காரர் ஒரு கணம் மனைவியைப் பார்த்தார். அப்புறம் நெஞ்சை நிமிர்த்தி, "நான்தான் சார். சின்ன வயசுலேருந்தே இப்படித்தான்" என்றார்.

அன்றைக்கு அவளுக்கு மனசு உருகித்தான் போயிற்று. பொம்பளைக்குக் குறட்டை என்று வெளியில் தெரிந்தால் என்ன ஆகும் என்று யாருக்கும் தெரியாது. ஆனால் தெரியக் கூடாது என்பது மட்டும் எல்லாருக்கும் தெரியும். அந்த மானக்கேட்டை அவர் தன் தலையில் தூக்கிக்கொண்டார். நல்ல மனுஷன் என்றுதான் நினைத்தாள்.

நல்ல மனுஷனுக்கு அந்தச் சுமை பிடித்துப்போயிற்று. கடையில் "நேத்து நான் விட்ட குறட்டையில ஃபேனே நின்னுடுச்சுப்பா" என்று ஆரம்பிப்பார். வாடிக்கையாளர்கள் சிரித்துக்கொண்டே இன்னொரு ஃபிரேம் பார்ப்பார்கள். ஆம்பளைக் குறட்டைக்கு ஒரு கம்பீரம் உண்டு. சிங்கம் என்பார்கள், புல்லட் என்பார்கள். வாத்தியார் இரக்கப்பட்டு, தன் கழுத்து வலிக்கு வாங்கிய தலையணையையே கொண்டுவந்து கொடுத்தார். நடுவில் பள்ளமும் இரண்டு பக்கமும் மேடுமாக, படகு மாதிரி ஒன்று. "வெச்சுக்குங்க சார். குணமானதும் திருப்பிக் குடுத்தாப் போதும்" என்றார். வீட்டுக்காரரின் தங்கை வரும்போதெல்லாம் சுவரைப் பார்த்துப் பெருமூச்சு விடுவாள்: "எங்கண்ணன் குறட்டையில அண்ணி எப்படித்தான் கண்ண மூடுறாங்களோ!"

அண்ணி கண்ணை மூடிக்கொண்டுதான் இருந்தாள். பகலெல்லாம்.

படுத்தால் உடனே தூங்கிவிடுவாள். எழுந்தால் தலை பாறாங்கல். வாய் அட்டைப்பெட்டி மாதிரி காய்ந்திருக்கும். ராத்திரி முழுக்க மூட்டை தூக்கிவிட்டு வந்த மாதிரி உடம்பு. அப்படிப்பட்ட உடம்போடு எழுகிறவளுக்கு அன்பாகப் பேச வருமா? சாவி காணவில்லை என்றாலும் எரிச்சல், கிடைத்தாலும் எரிச்சல். டாக்டரிடம் போனாள். முதல் டாக்டர் இரும்புச்சத்து மாத்திரை எழுதினார். இரண்டாவது டாக்டர், "வயசு அப்படி. இந்த வயசுல பெண்களுக்குக் கொஞ்சம் கோபம் வரும்" என்றார். அவர் சொன்னது சரிதான் என்று நிரூபிக்கிற மாதிரி அவளுக்கு அங்கேயே கோபம் வந்தது. மூன்றாவது டாக்டர் அவள் சொன்னதைக் கேட்கவே இல்லை, கூட வந்த வீட்டுக்காரரைப் பார்த்து, "வீட்ல ஏதாவது பிரச்சனையா சார்?" என்று கேட்டார். இந்த மூன்று பேரில் ஒருவருக்குக்கூட, "ராத்திரி குறட்டை விடுவீங்களா?" என்று அவளைக் கேட்கத் தோன்றவில்லை. கேட்க ஒன்றும் பெரிய படிப்பு வேண்டாம். சேலை கட்டியிருந்ததால் கேட்கவில்லை.

ஒரு காலை, வேனில் பிள்ளைகள் நடுவே சண்டை. பெரிய சிக்னல் நெருங்குகிறது.

"இன்னிக்கு பச்சை என் டர்ன்!"

"நேத்தும் நீதான சொன்ன! ஆன்ட்டி, இவளப் பாருங்க ஆன்ட்டி!"

"என்னடி பச்சை? என்ன டர்ன்?" என்றாள் வேன்காரம்மா.

ஒரு குட்டிப்பெண் வெகு பொறுமையாக விளக்கினாள். "நீங்க சிக்னல்ல தூங்கிடுவீங்கல்ல ஆன்ட்டி. பச்சை விழுந்ததும் நாங்க 'பச்சை!'னு கத்துவோம்ல. ஆளுக்கு ஒரு நாள். அதான் ரூல்."

அவளுக்கு அது விளையாட்டு என்றுதான் இதுவரை எண்ணம். பச்சை விழுந்ததும் பின்னாலிருந்து ஒரு கூச்சல் வரும். தானும் சிரித்துக்கொண்டு கியரைப் போடுவாள். கூச்சலுக்கு முன்னால் என்ன இருந்தது என்று யோசித்துப் பார்த்தாள். ஒன்றுமே இல்லை. சிவப்பு இருந்தது, அப்புறம் கூச்சல். நடுவில் இருக்க வேண்டிய நேரத்தைக் காணோம்.

சிக்னலில் காணாமல் போவது வளைவில் காணாமல் போக எவ்வளவு நேரமாகும்? பிள்ளைகளை இறக்கிவிட்டு, நேராக டிரான்ஸ்போர்ட் இன்சார்ஜ் மேஜையில் சாவியை வைத்தாள்.

"இனிமே நான் ஓட்டல சார். எனக்கு வண்டியில தூக்கம் வருது. டாக்டர்கிட்ட காட்டிட்டு வரேன். அதுவரைக்கும் வேற ஆளப் போடுங்க."

இன்சார்ஜ் சிரித்தார். "அட, இதுக்காம்மா? உங்க வீட்டுக்காரர் குறட்டைதான் ஊருக்கே தெரியுமே. காதுல பஞ்ச வெச்சுக்கிட்டுத் தூங்குங்க. எங்க வீட்டம்மா அதான் பண்றா."

அந்தச் சிரிப்பு அவளைச் சுட்டது. தன் வியாதிக்குத் தன் பேரில்கூட லீவு கிடைக்காது போலிருக்கிறது. "ஓட்டத் தகுதின்னு டாக்டர் எழுதிக் குடுத்தா வாங்க. லேட்டானா வேன் வேற ஆளுக்குப் போயிடும், அப்புறம் என்னைச் சொல்லக் கூடாது" என்றார் இன்சார்ஜ். கெஞ்சவும் முடியாமல் திட்டவும் முடியாமல் வெளியே வந்தாள். பார்த்துப் பார்த்து ஓட்டிய வண்டி. அதன் சீட்டில் வேறொருவன் உட்கார்ந்து, கண்ணாடியைத் தன் உயரத்துக்குத் திருப்பிக்கொள்வதை வாசலிலேயே நின்று பார்த்தாள்.

நாலாவதாகப் போனது மூக்கு-தொண்டை டாக்டரிடம். அவர் முன்னால் உட்கார்ந்ததும் வீட்டுக்காரர், பழக்க தோஷம், முந்திக்கொண்டார். "எனக்குக் குறட்டை டாக்டர். அதனால இவளுக்குத் தூக்கமில்ல."

டாக்டர் அவர் பக்கம் திரும்பி உட்கார்ந்தார். வரிசையாகக் கேள்விகள். காலையில தலைவலி இருக்கா? இல்லை. வாய் காஞ்சு போகுதா? இல்லை. பகல்ல உட்கார்ந்த இடத்துல தூக்கம் தள்ளுதா? சேச்சே. சின்ன விஷயத்துக்கெல்லாம் எரிச்சல் வருதா? "எனக்கு எதுக்கு டாக்டர் எரிச்சல் வரணும்?"

பக்கத்து நாற்காலியில் அவள் விறைத்துப்போய் உட்கார்ந்திருந்தாள். தலைவலி, வறட்சி, தூக்கம், எரிச்சல். அவளுடைய வியாதியை ஒவ்வொன்றாக எடுத்து அவள் புருஷனிடம் காட்டி, இது உன்னுதா, இது உன்னுதா என்று கேட்டுக்கொண்டிருந்தார் டாக்டர். குறட்டை என்பது வெறும் சத்தம், மானக்கேடு, அவ்வளவுதான் என்று அவளும் நம்பியிருந்தாள். சத்தத்துக்கும் இந்தச் சோர்வுக்கும் சம்பந்தம் இருக்கும் என்று அந்த நாற்காலியில்தான் அவளுக்கு முதலில் பொறி தட்டியது. உண்மை வாய் வரைக்கும் வந்தது. வருஷக்கணக்காக மூடிய வாய், துருப்பிடித்த ஷட்டர் மாதிரி, பாதியில் நின்றுவிட்டது.

டாக்டர் ஒரு பெட்டியைக் கொடுத்து அனுப்பினார். விரலில் கிளிப், மூக்கடியில் மெல்லிய குழாய், நெஞ்சில் பெல்ட். ஒரு ராத்திரி கட்டிக்கொண்டு படுத்தால் மூச்சு எங்கே நிற்கிறது என்று அது எழுதிக்கொள்ளும். வீட்டுக்காரர் மாலை மாட்டிக்கொள்வது போல மாட்டிக்கொண்டு படுத்தார்.

மறுநாள் டாக்டர் கையை விரித்தார். "சார், நீங்க குழந்தை மாதிரி தூங்குறீங்க. ஒண்ணுமே இல்ல."

எந்த மனுஷனும் இதைக் கேட்டுச் சந்தோஷப்படுவான். இவருக்கு முகம் தொங்கிப்போயிற்று. "நல்லாப் பாருங்க டாக்டர். மிஷின் ரிப்பேரா இருக்கப்போகுது. தெருவே சொல்லுது!"

"தெரு சொன்னா? ராத்திரி பூரா நீங்க குறட்டையே விடல. அப்ப வீட்ல குறட்டை விடறது யாரு?"

வீட்டுக்காரர் கூரையைப் பார்த்தார். சீலிங் ஃபேன் மீது அவருக்கு அப்படி ஓர் ஆர்வம்.

"நான்!" என்றாள் அவள். வெயிட்டிங் ஹாலில் இருந்தவர்கள் திரும்பிப் பார்க்கிற மாதிரி இருந்தது அந்த நான். "நான்தான் விடறேன். கல்யாணத்துக்கு முன்னாலேருந்து விடறேன். தலைவலி எனக்கு. தூக்கம் எனக்கு. வண்டி போனது எனக்கு. இவருக்கு என்ன போச்சு? பேரு கிடைச்சுது! என் குறட்டைய எனக்குக் குடுங்க டாக்டர்!"

"மெதுவா பேசும்மா" என்றார் வீட்டுக்காரர், மெதுவாக.

"மெதுவா பேசித்தான் இங்க வந்து நிக்கறோம்."

அடுத்த ராத்திரி பெட்டி சரியான நெஞ்சில் ஏறியது. ரிப்போர்ட்டைப் பார்த்த டாக்டர் நிமிர்ந்து உட்கார்ந்தார். இந்தத் தடவை அவள் பக்கம் திரும்பி. தூங்கும்போது அவள் தொண்டைச் சதை தளர்ந்து ஒட்டிக்கொள்கிறது, மூச்சு நிற்கிறது, ரத்தத்தில் ஆக்ஸிஜன் இறங்குகிறது, மூளை பயந்துபோய் உலுக்கி எழுப்புகிறது. அவளுக்கே தெரியாமல், ஒரு மணி நேரத்துக்குள் எத்தனையோ தடவை. "நீங்க தூங்கவே இல்லம்மா. படுத்துக்கிட்டு மூச்சுக்குப் போராடிக்கிட்டிருந்தீங்க. வண்டிய நீங்களே நிறுத்தினதுதான் புத்திசாலித்தனம்." மருந்து மாத்திரை இல்லை, ஒரு மிஷின். முகத்தில் மாஸ்க், அதற்கு ஒரு குழாய், அது அழுத்தமாகக் காற்றை அனுப்பித் தொண்டையை ஒட்டவிடாமல் திறந்து வைக்கும். "டியூப்ல காத்து இருந்தா தட்டையாகாதுல்ல, அதுமாதிரி" என்றார். டயர் மாற்றிப் பழகியவளுக்கு அது புரிந்தது. தினமும் ராத்திரி போட வேண்டும், போட்டுக்கொண்டே இருக்க வேண்டும். எத்தனை மணி நேரம் போட்டாள் என்பதை மிஷினே குறித்துக்கொள்ளும். அதைப் பார்த்துத்தான், ஓட்டலாம் என்று எழுதித் தருவார்.

மிஷின் கடை. விற்கிற பையன் பவ்யமாக மாஸ்க்கை எடுத்துக்கொண்டு நேரே வீட்டுக்காரரிடம் போனான். "சார், கொஞ்சம் மூக்கக் காட்டுங்க."

"மூக்கு என்னோடது!" என்றாள் அவள்.

பையன் மன்னிப்புக் கேட்டான். ஆனால் எடுத்த மாஸ்க்கை மாற்றவில்லை. "இதாம்மா எல்லாருக்கும் போவும் சைஸ்." எல்லாருக்கும் என்றால் எல்லா ஆம்பளைக்கும் என்று அவள் வீட்டுக்குப் போய்ப் படுத்த பிறகுதான் தெரிந்தது. அவள் மூக்கைச் சுற்றி ஒரு விரல் இடம் மிச்சம். வாரை எவ்வளவு இறுக்கினாலும் ஓரத்தில் காற்று புஸ்ஸென்று கண்ணுக்குள் அடித்தது. இறுக்க இறுக்க இன்னும் அடித்தது. கன்னத்தில் வரி வரியாகக் கோடு. தூக்கத்திலேயே பிடுங்கி எறிந்துவிடுவாள். காலையில் மாஸ்க் கட்டிலுக்கு அடியில் கிடக்கும். மிஷின் அதையும் விடாமல் குறித்துக்கொண்டது. வேன் அவளைவிட்டு இன்னும் ஒரு தெரு தள்ளிப் போயிற்று.

அந்த ஞாயிற்றுக்கிழமைதான் அது நடந்தது. அவள் கட்டிலில் உட்கார்ந்து வாரோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தாள். வீட்டுக்காரர் பேப்பர் மடித்துக்கொண்டே, "நீ ரொம்ப அலட்டிக்கற. சும்மா மாட்டிக்கிட்டுக் கண்ண மூடினா தூக்கம் வந்துடப்போகுது. மனசுதான் காரணம்" என்றார்.

மனசு. இரும்புச்சத்து, வயசு, வீட்டுப் பிரச்சனை, பஞ்சு, இப்போது மனசு.

"அப்படியா?" என்றாள். எழுந்தாள். மிஷினை ஆன் செய்தாள். "இந்தாங்க. ஊருக்கெல்லாம் உங்க குறட்டைதானே? இதையும் நீங்களே போட்டுக்குங்க!" ஒரே அமுக்கு. மாஸ்க் அவர் முகத்தில் அச்சாகப் பொருந்தியது; அவர் மூக்குக்கு எடுத்ததுதானே. அவர் பேச வாயைத் திறந்தார். மூக்கு வழியே போன காற்று வாய் வழியே புயலாக வந்தது. உடனே மூடிக்கொண்டார். கண் இரண்டும் வெளியே வந்துவிடும் போல இருந்தது.

அந்த நேரம் பார்த்து அவர் தங்கை உள்ளே வந்தாள்.

"ஐயோ! அண்ணி! எங்கண்ணன விடுங்க! அவன் குறட்டை விட்டா அதுக்குக் கொலையா பண்ணுவீங்க?"

"உங்கண்ணன் குறட்டையே விட்டதில்லம்மா. அவர் வாயாலயே கேளு!"

அண்ணன் மாஸ்க்கைக் கழற்றி மூச்சு வாங்கினார். தங்கை அவரைப் பார்த்தாள். மனைவி அவரைப் பார்த்தாள். திறந்த ஜன்னலுக்கு வெளியே மருந்துக்கடைக்காரர் சைக்கிளை நிறுத்திவிட்டுப் பார்த்தார். ஒரே ஒரு வாக்கியம். அவள் கேட்டது அவ்வளவுதான்.

"நீ முதல்ல ஒரு டீ சாப்பிடும்மா" என்றார் அவர், தங்கையிடம்.

வதந்தி பிறந்த இடம் இதுதான். சரிபார்த்தாயிற்று.

தங்கை போன பிறகு, அவமானம் பொறுக்காமல் ஏதாவது செய்ய வேண்டுமே என்று அவர் மாஸ்க்கை எடுத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். மனைவியின் மூக்கைப் பார்த்தார். கடையில் பார்க்கிற மாதிரி, ஒரு கண்ணைச் சுருக்கி. "இது உன் மூக்குக்கு ரொம்பப் பெரிசும்மா" என்று கண்டுபிடித்தார்.

"நான் அஞ்சு நாளா அதத்தான் சொல்லிக்கிட்டிருக்கேன்!"

"இல்ல, நான் தொழில்ல இருக்கறவன், எனக்குப் பார்த்தாலே தெரியும்."

சின்ன சைஸ் வந்தது. வாரைத் தளர்த்தியதும் கசிவு நின்றது. இறுக்கினால்தான் நிற்கும் என்று நினைத்திருந்தது தப்பு. முதல் வாரம் பகலில் டி.வி. பார்க்கும்போதே மாட்டிக்கொண்டு பழகினாள். மூக்கு வறண்டது, மிஷினில் தண்ணீர்த் தொட்டியை வைத்ததும் சரியாயிற்று. முதல் தடவை ராத்திரி முழுக்கக் கழற்றாமல் தூங்கி எழுந்த காலையில், படுக்கையில் உட்கார்ந்து தலையைத் தொட்டுப் பார்த்தாள். வலிக்கவில்லை. ஏதோ தொலைத்துவிட்ட மாதிரி இருந்தது. பக்கத்தில் வீட்டுக்காரர் சிவந்த கண்ணோடு உட்கார்ந்திருந்தார். "சத்தமே இல்ல. பயமாப்போச்சு. உனக்கு மூச்சு இருக்கான்னு பார்த்துப் பார்த்து நான் தூங்கவே இல்ல" என்றார். இத்தனை வருஷம் அவளுக்கு மூச்சு நின்றபோதெல்லாம் குழந்தை மாதிரி தூங்கியவர்.

நன்றாகத் தூங்கினால் கோபம் குறையும் என்று டாக்டர் சொல்லியிருந்தார். குறையவில்லை. முன்பு எதன் மேல் என்று தெரியாமல் எல்லாவற்றின் மேலும் வந்த கோபம், இப்போது விலாசம் தேடிப் போக ஆரம்பித்தது. தூங்கி எழுந்தவளுக்கு ஞாபகசக்தியும் வந்துவிட்டது, தெம்பும் வந்துவிட்டது. இரும்புச்சத்து டாக்டரிடம் போய் ரிப்போர்ட்டை மேஜையில் வைத்தாள். "அடுத்து ஒரு பொம்பள வந்து டயர்டா இருக்குன்னா, குறட்டை விடுவீங்களான்னு கேளுங்க. கேட்டா ஒண்ணும் கொறஞ்சுடமாட்டீங்க." அவர் பதில் சொல்வதற்குள் அடுத்த டாக்டரைப் பார்க்கக் கிளம்பிவிட்டாள்.

இன்சார்ஜிடம் டாக்டர் கடிதத்தைக் கொடுத்தபோது அவர் ஒருமுறை படித்தார், அவளை ஒருமுறை பார்த்தார், மறுபடி படித்தார். "அப்ப குறட்டை..."

"என்னோடது. சாவி குடுங்க."

சீட்டை முன்னால் இழுத்து, கண்ணாடியைத் தன் உயரத்துக்குத் திருப்பிக்கொண்டாள். பெரிய சிக்னல். சிவப்பு. அவள் சிவப்பைப் பார்த்துக்கொண்டே இருந்தாள். அது எவ்வளவு நீளம் என்று அப்போதுதான் தெரிந்தது. பச்சை விழுந்ததும் வண்டி நகர்ந்துவிட்டது. பின்னால் பெரிய ஏமாற்றம்.

"ஆன்ட்டி! நான் இன்னும் கத்தவே இல்ல! இன்னிக்கு என் டர்ன்!"

"கத்தறதுன்னா கத்திக்கோ. நான் போயிட்டிருப்பேன்."

வாத்தியாரின் தலையணை மட்டும் இன்னும் பீரோ மேலேயே இருக்கிறது. குணமானதும் திருப்பிக் கொடுத்தால் போதும் என்றுதான் வாத்தியார் சொன்னார். திருப்பிக் கொடுக்கப் போனால், யாருக்குக் குணமாயிற்று என்று சொல்ல வேண்டும். வீட்டுக்காரர் ஒவ்வொரு ஞாயிற்றுக்கிழமையும் அதை எடுத்துத் தூசி தட்டுகிறார், கதவு வரைக்கும் போகிறார், செருப்பைப் போட்டுக் கழற்றுகிறார். போன வாரம் வாத்தியாரே வாசலில் எதிரே வந்து, "இப்பல்லாம் சத்தமே இல்லையே சார். தலையணை கேட்டுதா?" என்று விசாரித்தார்.

"நல்லாக் கேட்டுது சார்" என்று சொல்லிவிட்டார் இவர்.

உள்ளேயிருந்து அதைக் கேட்டவள் தலையணையைக் கொண்டுவந்து அவர் கையில் திணித்தாள். "நானே குடுத்துட்டு வர எவ்ளோ நேரமாகும்? ஆனா நான் போகமாட்டேன். வாங்கினது நீங்க. நீங்களே போய், யாரு குறட்டைன்னு சொல்லிட்டுக் குடுத்துட்டு வாங்க."

"வர்ற ஞாயித்துக்கிழமை கண்டிப்பா" என்றார் அவர், அதைத் திரும்பவும் பீரோ மேல் வைத்துக்கொண்டே.